கிராணியார் வீட்டுக் கிணற்றுப் பம்பு

பெரிய கிராணியாரே, நீங்கள் சொன்னது பொய். என் கணவர் கள் குடித்துவிட்டு வேலையில் தூங்கவில்லை. பகலில் அவரைத் தூங்கவிடாமல் வைத்திருந்தவர் நீங்கள்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் உங்கள் சங்கத்து ஆண்டு விழாவில் மாலை போட்டுக்கொண்டு நீங்கள் பேசியதை, கூட்டத்தில் நின்றிருந்த என் தங்கை வீட்டுக்காரர் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னார். நம் ஆட்களில் முதல் முதலாகக் கிணற்றுக்குப் பம்பு வைத்தவர் நீங்கள்தானாம். சாதி மதம் பார்க்காமல் குடியிருந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தீர்களாம். ஒரு வேதக்காரனுக்கு வேலையும் வாங்கித் தந்து வீடும் கொடுத்தும், அவன் கள்ளைக் குடித்துத் தண்டவாளத்துப் பக்கத்தில் தூங்கி வேலையைத் தொலைத்தானாம். இந்த இடத்தில் கூட்டம் சிரித்ததாம்.

அந்த வேதக்காரன் என் கணவர். இப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்குகிறார். தங்கை வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போது என் கணவர் சோறு தின்றுகொண்டிருந்தார். "பேசிட்டுப் போறாரு, விடு" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, மாதா கோயில் வாசலில் நின்ற ஒருவர் கட்டைவிரலை வாயில் வைத்துக் காட்டி அவரைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்கிறார். திங்கட்கிழமை கிடங்குக்குப் போகிற உடம்புக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்ன வந்தது? அதனால்தான் எழுதுகிறேன். அவர் விட்டாலும் நான் விடுவதாக இல்லை.

இனி, நடந்தது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

கலியாணமாகி, முதல் பிள்ளை பிறந்து தவழ ஆரம்பித்திருந்த காலம். என் கணவருக்கு ரயிலில் பாயிண்ட்ஸ்காரர் வேலை. சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டில் கம்பியை இழுத்துத் தண்டவாளத்தை மாற்றிவிட வேண்டும். ஒரு கம்பி மாறி இழுத்தால் பெட்டி வேறு பாதையில் போகும். நடுவில் ஆள் நின்றால் நசுங்கிப்போவான். இந்த வேலையை எப்போதும் ராத்திரி முறையிலேயே கொடுத்திருந்தார்கள். புதியவர்களுக்கு அப்படித்தான். யாருக்குப் பகல், யாருக்கு ராத்திரி என்று பெயர் போடுகிற அலுவலகத்தில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர் இந்தப் பெரிய மனிதர். வேலைக்குச் சிபாரிசு செய்ததும் அவர்தான். அதை நான் மறைக்கவில்லை. அவர் சொல்லியிருக்காவிட்டால் என் கணவர் ரப்பர் தோட்டத்திலேயே இருந்திருப்பார். அந்த நன்றிக்காகவே அவர் வீட்டின் பின்கட்டில் வாடகைக்குப் போனோம். "வெளியில எங்கேயும் வீடு பாக்க வேணாம், நம்ம எடத்துலயே இருங்க" என்றார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

பின்கட்டு என்றால் பழைய மாட்டுக் கொட்டகை. மாடுகளை விற்றபின் தரைக்குச் சிமிட்டி பூசி, பலகை அடித்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதியில் அவர்கள் வீட்டு விறகு, மறு பாதியில் நாங்கள். எங்களுக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் கிணறு. கிணற்றுக்கு அந்தப் பக்கம் கிராணியார் வீடு, தூண்கள்மேல் உயரமாக.

அந்தக் கிணற்றில் எங்கள் வாளி இறங்கக் கூடாது. நாங்கள் வேதக்காரர்கள், மாட்டிறைச்சி தின்கிறவர்கள் என்று அவர்கள் நினைப்பு. கிராணியாரின் வீட்டம்மா இறைத்து, உயரத் தூக்கி என் குடத்தில் ஊற்றுவார். பாதி என் காலில் விழும். சில நாளில் அவருக்கே கை வலித்துவிட்டது. "இந்தக் குடித்தனத்துக்கு நான் தண்ணி தூக்கிச் சாகணுமா?" என்று வீட்டுக்குள் சண்டை போட்டது எங்களுக்குக் கேட்டது. அதற்குப் பிறகுதான் பம்பு வந்தது. எங்கள் வாளி உள்ளே போகக் கூடாது என்பதற்காக வாங்கிய பம்பு அது. சாதி மதம் பார்க்காமல் தண்ணீர் கொடுத்த பம்பு என்று இன்று அதற்குப் பெயர்!

இரும்புக்கடை பாய் கொண்டுவந்து மாட்டினார். கிணற்றுக்கு மேல் பலகை மூடி, குழாயை உள்ளே இறக்கி, பம்பைத் தூணில் வைத்து முடுக்க வேண்டும். எந்தத் தூண் என்று கேட்டார். கிராணியார் வீட்டுத் தூணுக்கு நேர் மேலே பூசையறை. அதனால் எங்கள் கொட்டகையின் நடுத் தூணைக் காட்டினார்கள். தூணுக்கு அந்தப் பக்கம் பம்பு. இந்தப் பக்கம் என் கணவரின் பாய். நடுவில் ஒரு பலகை.

கைப்பிடியை யார் ஆட்டுவது? நான்தான். என் கை பட்ட தண்ணீர் ஆகாதே என்று கேட்டேன். கிராணியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இரும்புக்குத் தீட்டு கெடயாதும்மா. நீ இரும்பத்தான தொடுற? தண்ணியத் தொடலியே" என்றார். ஆக, நான் கைப்பிடியை ஆட்ட வேண்டும். தண்ணீர் மேல் குழாய் வழியாக அவர்கள் தகரத் தொட்டிக்குப் போகும். தொட்டி நிறைந்தபின், கீழே இருக்கும் மூக்கைத் திறந்து என் குடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். நான் சரி என்றேன். காலில் தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

முதலில் அந்தப் பம்பு சத்தமே போடவில்லை. உள்ளே யாரோ மூச்சு விடுகிற மாதிரி ஒரு சின்ன ஓசை, அவ்வளவுதான். காலையில் வேலை முடிந்து வந்து படுப்பவர், நான் ஆட்டுகிறேன் என்பதே தெரியாமல் தூங்குவார்.

பிறகு ஒருநாள் தண்ணீர் ஏறவில்லை. பாய் வந்தார். மேல்மூடியைக் கழற்றி, தண்டை உருவி, அதன் அடியில் இருந்த கிண்ணம் மாதிரி ஒன்றைப் பிய்த்துக் கிணற்றுப் பலகைமேல் வைத்தார். கறுப்பாக, ஊறிப்போய் இருந்தது. வீட்டம்மா மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "அது என்ன பாய்?" என்றார்.

"வாஷரு அக்கா. தேஞ்சு போச்சு. வேற போடணும்."

"என்னத்துல செஞ்சது?"

"தோலுதான்."

"என்ன தோலு?"

"மாட்டுத் தோலுதான் அக்கா, பின்ன பூனைத் தோலா போடுவாங்க?" என்று பாய் சிரித்தார். அது அந்த வீட்டுக்கு ஆகாது என்று அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டம்மா போட்ட கூச்சலில் பக்கத்துக் கம்பத்துக் குடிசைகளில் இருந்த மலாய்க்காரர்கள், யாரோ செத்துவிட்டார்கள் என்று ஓடி வந்தார்கள். மாதக்கணக்கில் அந்தத் தண்ணீரில்தான் சாமிக்கு அபிஷேகம். அந்தத் தண்ணீரில்தான் விரதச் சமையல். கிராணியார் அலுவலகத்திலிருந்து வந்ததும் கிணற்றை இறைத்துக் காய வைத்தார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். தொட்டியைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். ஐயர் வந்தார். தேய்த்த கை யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பம்பைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். போடவில்லை. ஆசையாக வாங்கியது. தெருவில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போன சாமான். "தோல் இல்லாம வேற எது வேணாலும் போடு" என்று கிராணியார் பாயிடம் சொன்னார். பாய் தலையைச் சொறிந்தார். "போடலாம்தான், ஆனா கத்தும் பாஸ்" என்றார். "கத்தட்டும்" என்றார் கிராணியார். கொழுப்பு கலந்த மசகும் போடக் கூடாது என்று கட்டளை. மரத்தில் வட்டம் வெட்டி, அதைச் சுற்றித் தார்ச் சணல் சுற்றி உள்ளே இறக்கினார்கள்.

கத்தியது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? கைப்பிடியைத் தூக்கினால் தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு கீச்சு. அமுக்கினால் தூணில் சம்மட்டியால் அடிக்கிற மாதிரி ஒரு டொக்கு. தூண் அதிரும். தூணோடு பலகைச் சுவர் அதிரும். சுவரில் நான் மாட்டியிருந்த மாதா படம் ஆடும். அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று மோதும். அதோடு, சணல் சுற்றியது தண்ணீரைப் பிடிக்காமல் நழுவவிடும். மெதுவாக ஆட்டினால் ஒரு சொட்டும் ஏறாது. வேகமாக, நிறுத்தாமல் ஆட்ட வேண்டும். முன்பு கொஞ்ச நேரத்தில் நிறைந்த தொட்டி இப்போது எவ்வளவு ஆட்டினாலும் லேசில் நிறையாது.

ஆட்டுவது நான். பலகைக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பது என் புருஷன். அவரை எழுப்புவது என் கை.

வேறு நேரத்தில் ஆட்டக் கூடாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவர் வருவதற்கு முன்னால் விடியலில் ஆட்டுகிறேன் என்றேன். பொழுது விடியாமல் கிணற்றைத் தொடக் கூடாது என்றார்கள். அவர் வேலைக்குப் போனபின் சாயங்காலம் நிரப்பி வைக்கிறேன் என்றேன். பழைய தண்ணீர் பூசைக்கு ஆகாது என்றார்கள். காலையில் அவர்கள் குளித்து முடித்ததும் புதுத் தண்ணீர் வேண்டும், மத்தியானச் சமையலுக்கு மறுபடியும் வேண்டும். இரண்டும் அவர் படுத்திருக்கும் நேரம்.

என் வீட்டுக்குள் நான் சத்தமே போடமாட்டேன். பாத்திரத்துக்கு மூடி போடும்போது நடுவில் துணி வைப்பேன். மிளகாய் அரைப்பதை அவர் எழுந்தபின் வைத்துக்கொள்வேன். பிள்ளை அழ வாயைத் திறந்தால் மாரோடு அணைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடுவேன். இத்தனையும் செய்துவிட்டுப் போய்க் கைப்பிடியைப் பிடிப்பேன். பைத்தியக்காரி செய்கிற வேலை மாதிரி எனக்கே தோன்றும்.

சும்மா இருக்கவில்லை. கைப்பிடி ஆணியில் தேங்காயெண்ணெய் விட்டேன். கீச்சு கொஞ்சம் குறைந்தது, டொக்கு குறையவில்லை. தோட்டத்தில் இருக்கும் என் அண்ணனிடம் சொல்லி ரப்பர் ஷீட்டு ஒன்று வாங்கிவந்து, என் கணவர் போல்ட்டைத் தளர்த்தி, பம்புக்கும் தூணுக்கும் நடுவில் மடித்து வைத்து முடுக்கினார். அது கொஞ்சம் உதவியது. மாதா படம் ஆடுவது நின்றது. ஆனால் பம்பு லூசாகி இப்படி அப்படி ஆடியதில் குழாய் மூட்டில் தண்ணீர் ஒழுகியது. வீட்டம்மா பார்த்துவிட்டு, "யார் எங்க சாமான்ல கை வெச்சது?" என்று கேட்டு எடுக்கச் சொல்லிவிட்டார். தூணைச் சுற்றிச் சாக்கு கட்டினேன். காதில் பஞ்சு வைத்தோம். தலைமாட்டை மாற்றிப் பாயைக் கதவோரம் போட்டோம். அந்த அறையில் எங்கே போட்டாலும் தூணுக்கும் பாய்க்கும் எவ்வளவு தூரம் வந்துவிடும்?

சில நாள் அவர் ஆற்றங்கரை மரத்தடியில் போய்ப் படுத்தார். கொசு. மழை வந்தால் ஓடி வருவார். நனைந்த தலையோடு பாயில் உட்கார்ந்து, பம்பு எப்போது ஆரம்பிக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் பம்பு சும்மா இருக்கும்போதும் தூக்கம் வராமல் போயிற்று. சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு கிடப்பார்.

"நீ ஆட்டப் போறப்ப சொல்லாதே. சொன்னா ஒடம்பு முன்னாடியே விறைச்சுக்குது" என்றார்.

சொல்லாமல் போனேன். அதுவும் உதவவில்லை.

ஒரு விடியற்காலையில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கியிருக்கிறார். மேலாள் பார்த்துவிட்டார். அன்று பெட்டி எதுவும் வரவில்லை, தப்பினார். இன்னொரு முறை பார்த்தால் வேலை போகும் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு அவர் பசியாறாமலே படுத்தார். நான் கைப்பிடியைத் தொடாமல் நேரே கிராணியாரிடம் போனேன். திருநீறு பூசிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அவருக்குப் பகல் முறை போட்டுக் குடுங்க. இல்லாட்டி அந்தத் தோலையே திருப்பிப் போடச் சொல்லுங்க. பாய் சொன்னாரு, தோல் போட்டா சத்தம் நின்னுடுமாம்."

"பகல் வேல கேக்குறவன் ராத்திரி வேலைக்கு ஏன் வந்தான்? அப்பறம் என்ன சொன்ன, தோலா? மாட்டுத் தோல் பட்ட தண்ணியில என் வீட்டு சாமிக்கு அபிஷேகம் பண்ணச் சொல்றியா?"

அது அவர் நம்பிக்கை. நானும் வெள்ளிக்கிழமை கறி தொடாதவள்தான். சாமிக்காக என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் என்ன பேசுவது? அன்று நான் அவரை நம்பினேன். அதனால்தான் இன்று இவ்வளவு கோபம் வருகிறது.

"அப்ப நாங்க வேற வீடு பாத்துக்குறோம் ஐயா" என்றேன்.

"தாராளமா பாரு. என் வீட்ட வேணாம்னு போறவனுக்கு என் சிபாரிசு மட்டும் எதுக்கு? அதையும் விட்டுட்டுப் போகச் சொல்லு."

படியிறங்கி வந்து கைப்பிடியைப் பிடித்தேன். வீட்டில் இருந்தால் தூக்கமில்லாமல் வேலை போகும். வீட்டை விட்டால் அவர் கையால் வேலை போகும். வேலை போனால் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் இடித்தது.

அந்தச் சமயத்தில் கிராணியாரின் மகன் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பெரிய பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தான். பகலெல்லாம் வீட்டில் இருந்து படித்தான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. ஒருநாள் மேல் ஜன்னலில் இருந்து தலையை நீட்டி, "அக்கா, கொஞ்ச நேரம் நிறுத்துங்களேன், மண்ட வெடிக்குது" என்று கெஞ்சினான். "எனக்கும்தான் தம்பி, போய் ஒங்கம்மாகிட்ட கேளு" என்றேன்.

அதற்குச் சில நாள் கழித்து, ஒரு காலையில் கைப்பிடியைப் பிடித்து அமுக்கினேன். கனத்தது. எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து இன்னும் பலமாக அமுக்கினேன். உள்ளே யாரோ மூச்சு விடுகிற மாதிரி ஒரு ஓசை. குழாயில் தண்ணீர் பாய்கிற சத்தம். கீச்சு இல்லை, டொக்கு இல்லை. மெதுவாக ஆட்டினேன். மெதுவாக ஆட்டியும் ஏறியது! தொட்டி நிறைந்து வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. வீட்டம்மா மேலேயிருந்து கத்தியபின்தான் நிறுத்தினேன். உள்ளே ஓடிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கினார். அந்தக் குறட்டையைக் கேட்டு நான் அழுதேன்.

சாயங்காலம் கிராணியார் வந்ததும் போய்க் கும்பிட்டேன்.

"ஒங்க கஷ்டத்தப் பாத்துத்தாம்மா செஞ்சேன். நீ கேட்டுட்டுப் போனது மனசுல இருந்துச்சு. ரப்பர் போடச் சொல்லிட்டேன். இது ரப்பர் வெளையிற நாடாச்சே, அது முன்னாடியே தோணல பாரு!" என்றார். வீட்டம்மா பக்கத்தில் நின்று, "எங்க ஐயாவுக்கு எளகுன மனசு" என்றார். நானும் ஆமாம் என்றேன். அவர்கள் குடும்பத்துக்காக ஞாயிற்றுக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

அந்த நாட்கள் நன்றாக இருந்தன. அவர் முகம் தெளிந்தது. எழுந்து பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு யார்டுக்குப் போகிற வழி வரைக்கும் நடப்பார். சோறு கேட்டுத் தின்றார். "இந்தக் கிராணியார நாம தப்பா நெனச்சுட்டோம்" என்று அவரே சொன்னார்.

விளக்குக்குக் கண்ணாடி வாங்கப் பாய் கடைக்குப் போயிருந்தேன். "நீங்க போட்ட ரப்பரு நல்லா வேல செய்யுது பாய்" என்றேன்.

"ரப்பரா? யாரு சொன்னது?" என்று சிரித்தார். "ஷீட்டு ரப்பரப் போட்டா ஊறி ஒட்டிக்கும் அக்கா, அசையாதுலா. அது தோலு. நல்ல எருமத் தோலு. வீட்டுல பொம்பளைங்க எல்லாம் கோயிலுக்குப் போயி, நீங்களும் இல்லாத நேரம் பாத்து வரச் சொன்னாரு பாஸ். பையன் பரீட்சை முடியிற வரைக்கும்தான், அப்பறம் எடுத்துடணும்னு சொல்லியிருக்காரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

கண்ணாடியை வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஒரே ஒரு வார்த்தைதான் மண்டையில் ஓடியது. வரைக்கும்தான். பரீட்சை முடியிற வரைக்கும்தான்.

என் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தத் தூக்கமும் போய்விடும். தினம் காலையில் கைப்பிடியை முதலில் லேசாக அமுக்கிப் பார்ப்பேன். கனத்தால் மூச்சு விடுவேன். மேலே பூசையறையில் மணி அடிப்பார்கள். தோல் வழியாக வந்த தண்ணீர் சாமி தலையில் விழும். கிராணியாரே பூசை செய்வார், நான் கீழே நின்று பார்ப்பேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் இருக்காது. சாமிக்காகத்தான் தோல் கூடாது என்றவர், மகனுக்காகச் சாமியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். என் புருஷனுக்காக அப்படிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பரீட்சை முடிந்தது. பையன் சினேகிதர்களோடு ஊர் சுற்றப் போனான். அந்த வாரத்திலேயே ஒரு காலை கைப்பிடியை அமுக்கினேன். லேசாக இறங்கியது.

கீச்சு. டொக்கு.

பலகைக்கு அந்தப் பக்கம் அவர் புரண்டு எழுந்து உட்காருவது எனக்குத் தெரிந்தது. நான் ஆட்டுவதை நிறுத்தினேன். கிராணியார் படியில் வந்து நின்றார்.

"ஏன் நிறுத்திட்ட? தொட்டி ரொம்பல."

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினேன். உள்ளே வீட்டம்மா இருந்தார். "ஐயா, உள்ள இருந்தது என்னன்னு எனக்குத் தெரியும். அதத் திருப்பிப் போட்டுடுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். சத்தியமா."

அவர் முகம் செத்துப்போயிற்று. மேலே ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கீழே இறங்கி என் பக்கத்தில் வந்தார்.

"என்ன தெரியும் ஒனக்கு? ரப்பர் இருந்துச்சு, கிழிஞ்சு போச்சு. அவ்வளவுதான். இனிமே அந்தப் பேச்சு ஒன் வாயில வந்துச்சுன்னா, ஒன் புருசன் பேர வெட்டிப்போட எனக்கு ரொம்ப நேரம் ஆவாது. புரிஞ்சுதா? ஆட்டு."

ஆட்டினேன். தொட்டி நிறையும் வரை அவர் அங்கேயே நின்றார்.

உள்ளே போனபோது என் கணவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது. "அவர்கிட்ட ஏன் வாய் குடுத்த?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் நடந்துவிட்டது. விடியும் நேரத்தில் கம்பியில் சாய்ந்து தூங்கிவிட்டார். இரண்டு சரக்குப் பெட்டிகள் தப்புப் பாதையில் போய்த் தடம் புரண்டன. ஆண்டவர் கிருபை, யாருக்கும் அடியில்லை. அன்றே வேலை போயிற்று. விசாரித்தவர்கள் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: பகலில் ஏன் தூங்கவில்லை? வீட்டில் பம்பு சத்தம் என்று சொன்னாராம். பெரிய கிராணியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும், அது தன் வீட்டுப் பம்பு என்று வாயைத் திறக்கவில்லையாம். அங்கே யாரும் கள்ளைப் பற்றிப் பேசவில்லை. கள் அவர் நாக்கில் பட்டதே இல்லை. அவர் தகப்பனார் கள்ளால் செத்தவர், அதனால் தொடமாட்டார். கள்ளுக் கதை பிறகு வந்தது. தெருக்காரர்கள், "ஒங்க பம்பாலதான் அந்த ஆளுக்கு வேல போச்சாமே?" என்று கேட்க ஆரம்பித்தபின் வந்தது.

வேலை போன அன்று, விசாரணை முடிந்து மத்தியானத்துக்கு முன்னால் அவர் வந்து படுத்தார். நான் போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். வீட்டைக் காலி செய்யும் வரை தண்ணீர் வேண்டுமே. கீச்சு, டொக்கு என்று ஆட்டிவிட்டு உள்ளே வந்து பார்த்தால், அந்தச் சத்தத்திலேயே தூங்கியிருந்தார். பொழுது சாயும் வரை எழுந்திருக்கவில்லை. இனி எழுந்து போக வேண்டிய இடம் இல்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது போல.

கிராணியாரே, நீங்கள் சாமி கும்பிடுவதையோ, தோல் ஆகாது என்பதையோ நான் கேட்கவில்லை. அது உங்கள் வீட்டு விஷயம். உங்கள் மகன் இன்று பெரிய உத்தியோகத்தில் இருக்கிறானாம். நன்றாக இருக்கட்டும். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. உங்களிடம் இரண்டு கேள்விகள்தான் இருக்கின்றன. எனக்குத் தனியாக ஆள் விட்டுச் சொல்ல வேண்டாம். என் கணவரைப் பார்த்துச் சிரித்த அதே கூட்டத்தைக் கூட்டுங்கள். உங்கள் வீட்டம்மாவை முன்வரிசையில் உட்காரவையுங்கள். நான் என் கணவரைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறேன். மேடையில் ஏறி, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: உங்கள் மகன் படித்த நாட்களில் அந்தப் பம்புக்குள் இருந்தது ரப்பரா, தோலா? பரீட்சை முடிந்ததும் அதை வெளியே எடுக்கச் சொன்னது யார்?